யாருக்கு எந்த வரிசை தெரியும்

போன மாதம் கலைவாணி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள். கம்பெனியில் ரிப்போர்ட் பார்க்கிற மென்பொருளை மாற்றுகிறார்களாம். இனி கேள்வியைப் பேசுவது போலவே தட்டினால் போதும், கணினி பதில் சொல்லிவிடுமாம்.

"எல்லாம் நல்லாத்தான் கீதுக்கா. ஒண்ணே ஒண்ணு. நம்ம ரிப்போர்ட்டுங்க அடியில 'இதில் காட்டப்படாதவை'ன்னு ஒரு குறிப்பு வருதே, அதுக்கு இதுல எடம் இல்லன்றாங்க. எடுத்துடலாமா? எதுக்கு வச்சதுன்னு இங்க யாருக்கும் தெரியல."

"எடுக்காதம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் கிரேஸ். ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம். அப்பா மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்ததும் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். நான் பள்ளி முடித்து, டைப்ரைட்டிங் படித்து, சென்னைக்கு ரயிலில் போய்வந்து கம்ப்யூட்டர் வகுப்பு முடித்தேன். வாகனங்களுக்கான தகட்டுப் பாகங்களை பிரஸ் இயந்திரத்தில் அடித்துத் தருகிற ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதலில் வருகைப் பதிவு, அப்புறம் உற்பத்திக் கணக்கு, அப்புறம் ரிப்போர்ட் தயாரிப்பு. கடைசி வரைக்கும் அதே கம்பெனிதான். மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது, கணக்குகளைத் திரையிலேயே காட்டுகிற டாஷ்போர்டு வந்த பிறகு நடந்தவை. அதற்கு முன்பு ஒவ்வொரு அதிகாரிக்கும் தனித்தனியாக ரிப்போர்ட் தயாரித்து அனுப்புவோம். டாஷ்போர்டு வந்ததும் எல்லோருக்கும் ஒரே ரிப்போர்ட். அவரவர் தம் பெயரில் உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் எங்களுக்கு கும்மிடிப்பூண்டியில் இரண்டு யூனிட், திருவள்ளூர் பக்கம் ஒன்று. ஒரு யூனிட்காரர் இன்னொரு யூனிட்டின் விவரத்தைப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் வரிசை ஃபில்டர். தகவல் எல்லாம் ஒரே பெரிய அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அது எந்த யூனிட்டைச் சேர்ந்தது என்று குறித்திருக்கும். இன்னொரு சின்ன அட்டவணையில், யாருக்கு எந்த யூனிட்டைப் பார்க்க அனுமதி என்று இருக்கும். ஒருவர் உள்ளே நுழைந்ததும் மென்பொருள் அவர் பெயரை அந்தச் சின்ன அட்டவணையில் தேடி, அவருக்கு உரிய வரிசைகளை மட்டும் காட்டும். மற்ற வரிசைகள் அழிவதில்லை. அவர் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். அந்த நிபந்தனைகளை எழுதுவதும் சோதிப்பதும் என் வேலை.

எனக்கு மேலதிகாரி தயாளன் சார். ஊத்துக்கோட்டைக்காரர். மூன்று யூனிட்டுக்கும் கணினிப் பிரிவின் தலைவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைப்பார். "முடிஞ்சிது சார்" என்று சொன்னால் நம்ப மாட்டார். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப நீ யாரு?" என்பார்.

வெளியாள் யாராவது கேட்டால் விநோதமாக இருக்கும். அந்த மென்பொருளில், நிர்வாகம் செய்கிறவர் இன்னொருவராக மாறிப் பார்க்க வசதி உண்டு. அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கு எப்படித் தெரியுமோ அப்படியே நமக்கும் தெரியும். ஃபில்டரைச் சோதிக்க அதுதான் வழி.

"இப்ப நான் ரெண்டாவது யூனிட் ஷிஃப்ட் இன்சார்ஜ், சார்."

"சரி. அந்தாளுக்குத் தெரிய வேண்டியது தெரியுதா?"

"தெரியுது சார்."

"இப்ப மொதல் யூனிட் ஆளா மாறு. அவனுக்குத் தெரியக்கூடாதது மறைஞ்சிருக்குதா? சரி. இப்ப பேரே இல்லாத ஆளா மாறு."

அந்தக் கடைசிச் சோதனையை நாங்கள் யாரும் யோசித்திருக்க மாட்டோம். அனுமதி அட்டவணையில் பெயரே இல்லாத ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும்? முதல் தடவை அப்படிப் பார்த்தபோது, பெயர் இல்லாததால் நிபந்தனையும் இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு மூன்று யூனிட்டையும் மொத்தமாகக் காட்டியது. தயாளன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு கீறவன் வெளிய நின்னுகினு கீறான். பேரு இல்லாதவனுக்குக் கதவு தொறந்து கெடக்குது. இன்னா கிரேஸு இது?"

அன்றிலிருந்து பெயர் இல்லாதவருக்கு வெற்றுப் பக்கம் என்று மாற்றினோம். அதிலும் ஒரு தொல்லை வந்தது. திருவள்ளூர் யூனிட்டுக்கு மாற்றலாகி வந்த ஒரு மேலாளருக்கு வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. கம்பெனி நின்றுபோய்விட்டதா என்று கேட்டு எல்லோரையும் போனில் கூப்பிட்டுவிட்டார். அனுமதி அட்டவணையில் அவர் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. மென்பொருளுக்கு அவர் வேறு ஆள்.

இன்னொரு தடவை, வரிசைகளை ஒழுங்காக மறைத்தோம், மொத்தத்தை மறைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி யூனிட்டுகளின் மருத்துவ விடுப்பு மொத்தம் இரண்டு யூனிட்காரர்களுக்கும் தெரிந்தது. மொத்தத்தில் தன்னுடையதைக் கழித்தால் மற்றவருடையது வந்துவிடும். ஒரு யூனிட் தலைவர் கேன்டீனில் வைத்து இன்னொருவரைக் கிண்டல் செய்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. மறைப்பது என்றால் எதிலிருந்தெல்லாம் கண்டுபிடிக்க முடியுமோ அதையும் சேர்த்து மறைப்பது என்று அன்று கற்றோம். இப்படி ஒவ்வொரு தப்பிலும் ஒரு விதி வந்தது. பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. பவானி வந்த நாள் வரைக்கும்.

பவானி முதல் யூனிட்டில் பிரஸ் ஓட்டிய பெண். ஒப்பந்தத் தொழிலாளி. ஊத்துக்கோட்டை சாலையில் ஒரு கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வருவாள். கேன்டீனில் பார்த்துப் பழக்கம். ஒரு நாள் மதியம் எங்கள் அறை வாசலில் நின்றாள். இடது கை முழுக்கக் கட்டு.

"அக்கா, என் பேரு கம்ப்யூட்டர்ல இல்லன்றாங்கோ. நீங்கதான் கம்ப்யூட்டராமே."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். பிரஸ் இறங்கி இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. முதலுதவி அறையில் சிஸ்டர் கட்டுப் போட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இப்போது ஈ.எஸ்.ஐ.யில் விபத்து ரிப்போர்ட் கேட்கிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் போனால், விபத்து கம்பெனிக்குள் நடந்தது, கம்பெனியில் கேள் என்கிறார். கம்பெனி பணியாளர் பிரிவில், அப்படி ஒரு விபத்தே பதிவில் இல்லை என்கிறார்கள்.

"வெரலு இல்ல, தெரியுது. விபத்தும் இல்லன்னா நான் எங்கக்கா போறது? பேஜாரா கீது."

பணியாளர் பிரிவில் இருந்த முருகேசன் பொய் சொல்கிறவர் இல்லை. அவர் மேசைக்குப் போனேன். திரையை என் பக்கம் திருப்பினார். விபத்து டாஷ்போர்டு. முதல் யூனிட், அந்த மாதம். பவானி இல்லை.

"பாருங்க மேடம். நான் இன்னா பண்றது? இல்லாதத எழுதித் தர முடியுமா?"

என் அறைக்குத் திரும்பி என் பெயரில் நுழைந்து பார்த்தேன். பவானியின் வரிசை இருந்தது. ஊழியர் எண், பிரஸ் எண், காயம், நேரம், எல்லாம். விபத்து நடந்த ஷிஃப்டிலேயே சிஸ்டர் பதிவு செய்திருக்கிறார். முருகேசனாக மாறிப் பார்த்தேன். வரிசை மறைந்தது. தலைமை அலுவலகப் பாதுகாப்புக் குழு உறுப்பினர் ஒருவராக மாறினேன். அங்கேயும் இல்லை. யூனிட் தலைவராக மாறினேன். இருந்தது.

தயாளன் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். "இப்ப நீ யாரு?"

"யூனிட் ஹெட், சார்."

"மறுபடி முருகேசனா மாறு."

மாறினேன். பிறகு ஃபில்டரின் நிபந்தனையைத் திறக்கச் சொன்னார். நான் எழுதியதற்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. பணியாளர் பிரிவுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் முதல் யூனிட்டின் நிரந்தரத் தொழிலாளர்களுடைய வரிசைகளை மட்டும் காட்ட வேண்டும். மென்பொருளைப் பராமரிக்கும் வெளி நிறுவனத்தின் இன்ஜினியர், புதிதாக வந்த முதல் யூனிட் தலைவர் பாஸ்கரன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சேர்த்திருந்தார்.

பிரஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் வரிசைகளை எடுத்துவிட்டால் முதல் யூனிட்டில் விபத்தே இல்லாதது போல இருந்தது. அந்த நேரத்தில் தலைமை அலுவலகம் பிரஸ்களுக்கு ஒளித்திரை வாங்க முடிவு செய்திருந்தது. கை உள்ளே இருந்தால் ஒளியைத் தடுக்கும், பிரஸ் இறங்காமல் நின்றுவிடும். எந்த யூனிட்டுக்கு முதலில் கொடுப்பது என்பதை இதே ரிப்போர்ட்டை வைத்துத்தான் தீர்மானிக்கப்போகிறார்கள்.

தயாளன் சார் முதலில் செய்தது, பவானியின் வரிசையை அச்செடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, தானே முருகேசன் மேசையில் கொண்டுபோய் வைத்தது. அன்றே விபத்து ரிப்போர்ட் போனது. அப்புறம்தான் என்னையும் அழைத்துக்கொண்டு பாஸ்கரன் அறைக்குப் போனார்.

பாஸ்கரன் கெட்டவர் மாதிரி இருக்க மாட்டார். எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"நான் எதையும் மறைக்கல, தயாளன். அவங்க ஒப்பந்தக்காரரோட ஆளுங்க. அவங்க கணக்கு அவர்கிட்ட. என் யூனிட் ரிப்போர்ட்ல என் ஆளுங்க. இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லல சார். உங்க யூனிட் டேட்டா. யாருக்குக் காட்டணும்னு சொல்ற உரிமை உங்களுக்குத்தான்."

"அப்புறம்?"

"கண்டிஷன் இருக்கட்டும். நான் எடுக்கல. ஆனா இன்னா கண்டிஷன்னு ரிப்போர்ட் அடியில ஒரு குறிப்பு வரும். எல்லா யூனிட்டுக்கும், எல்லா ரிப்போர்ட்டுக்கும். ரிப்போர்ட் எப்படி இருக்கணும்ன்றது என் பொறுப்பு சார்."

பாஸ்கரன் சிரித்தார். "அடிக்குறிப்ப யாரு படிக்கப்போறாங்க? போட்டுக்கோங்க."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "சார், நேரா தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாமே?"

"போட்டா, தயாளன் பாஸ்கரன் மேல புகார் சொன்னான்னு ஆவும். நாளைக்கு வேற ஒரு பாஸ்கரன் வருவான், அப்ப நான் இருக்க மாட்டேன். ரிப்போர்ட்டு இருக்கும்."

அந்த வாரம் முழுக்க அடிக்குறிப்பைத்தான் எழுதினேன். நுழைபவர் யாரோ அவருக்கு எந்த நிபந்தனை பொருந்துகிறதோ அதைச் சாதாரணத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடியில் காட்ட வேண்டும். எத்தனை வரிசை மறைந்திருக்கிறது என்று எண்ணிக்கை போடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். எண்ணிக்கையும் தகவல்தான், பார்க்க அனுமதி இல்லாதவருக்கு அதையும் தரக் கூடாது. என்ன வகை மறைந்திருக்கிறது என்று மட்டும் போதும். எழுத்தின் அளவு பற்றியும் சொன்னார். மேலே இருக்கும் எண்கள் எந்த அளவோ அதே அளவு.

பாதுகாப்புக் குழுக் கூட்டம் சென்னையில் தலைமை அலுவலகத்தில். குழு உறுப்பினர்களுக்குத் தெரிகிறபடியே ரிப்போர்ட்டைத் திரையில் காட்டுவது என் வேலை. முதல் யூனிட்டின் பக்கம் வந்தது. விபத்துப் பட்டியல் ஏறக்குறைய காலி. தலைவர் பாஸ்கரனைப் பாராட்டத் தொடங்கினார். நிதிப் பிரிவிலிருந்து வந்திருந்த உஷா மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடிக்குறிப்பை உரக்கப் படித்தார்.

"இதில் காட்டப்படாதவை: ஒப்பந்தத் தொழிலாளர் விபத்துகள்." நிமிர்ந்து பார்த்தார். "அது எத்தனை?"

அங்கே உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர் ஒருவருக்கும் அந்த வரிசைகளைப் பார்க்க அனுமதி இல்லை.

தலைவர் தயாளன் சாரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும் இல்ல? திறந்து காட்டுங்க."

நான் கையை மவுஸ் மேல் வைத்துவிட்டேன். தயாளன் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்து நிறுத்தினார்.

"திறக்கலாம் சார். ஆனா அது பாஸ்கரன் சாரோட டேட்டா. அவர் சொல்லணும்."

அதைக் கேட்டு எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகும் முறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று தோன்றியது. பத்துப் பதினைந்து பேரும் பாஸ்கரனைப் பார்த்தார்கள். அவர் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"காட்டுங்க" என்றார்.

நிபந்தனையை எடுத்தேன். பட்டியல் கீழ்நோக்கி வளர்ந்தது. திரைக்குள் அடங்காமல் நான் உருட்ட வேண்டியிருந்தது. விரல், விரல், உள்ளங்கை, விரல். பவானியின் பெயர் வந்தபோது உருட்டுவதை நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ஒளித்திரைகள் முதல் யூனிட்டுக்கு வந்தன. பாஸ்கரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச காலம் கழித்து வேறு பொறுப்பு கிடைத்துப் போனார். தயாளன் சாரை திருவள்ளூர் யூனிட்டுக்கு ஸ்டோர்ஸ் கணினி வேலைக்கு மாற்றினார்கள். அவர் அனுபவத்துக்கு அது சின்ன வேலை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஒரு தடவை போனில், "நீங்க வருத்தப்படலையா சார்?" என்று கேட்டேன். "ஊட்டுல இருந்து பஸ்ஸு ஈஸியா கெடைக்குது" என்றார்.

பவானி கை ஆறியதும் திரும்பி வந்தாள். பிரஸ்ஸில் இல்லை; தயாரான பாகங்களைச் சரிபார்க்கிற மேசையில். ஒரு நாள் கேன்டீனில் என் எதிரில் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, என்னுது இன்னா எழுதிக்கீதுன்னு நான் பாக்க முடியுமா?"

முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு டாஷ்போர்டில் நுழைய வழியே இல்லை. ஆனால் அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. காயம்பட்டவர் தம் பதிவைத் தாமே பார்க்க ஒரு வழி வேண்டும் என்று அனுமதி கேட்டு எழுதினேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இதற்கு மறுப்பு சொல்ல யாரும் தயாராக இல்லை. முதலுதவி அறையில் ஒரு திரை வைத்தோம். அடையாள அட்டையைக் காட்டினால், அந்த ஊழியர் எண்ணுக்கு உரிய வரிசை மட்டும் வரும். நான் எழுதிய ஃபில்டர்களிலேயே சுலபமானது அதுதான். ஒருவருக்கு ஒரு வரிசை. சோதிக்கும்போது, தயாளன் சார் வழக்கப்படி, காயம்படாத ஒருவராகவும் மாறிப் பார்த்தேன். வெற்றுப் பக்கம் வந்தது.

திரை வைத்த அன்று பவானியைக் கூட்டிப்போனேன். அட்டையைக் காட்டினாள். வரிசை வந்தது. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தாள். பேர் சரி. தேதி சரி. பிரஸ் எண் சரி. 'காரணம்' என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"கவனக்குறைவு." இரண்டாவது தடவை படித்தாள். "யாருக்கா எழுதினது இத?"

காரணத்தை யூனிட் அலுவலகத்தில் நிரப்புவார்கள். நான் நூற்றுக்கணக்கான வரிசைகளில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். அதை ஒருவர் தன்னைப் பற்றிய சொல்லாகப் படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் கவனமாத்தான் இருந்தேன். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான பிரஸ்ஸு எறங்கும்? எடது பக்கத்து பட்டன் உள்ள போனது வெளிய வர்ல. ஒட்டிக்கினு இருந்துச்சு. எடது கையால தகட்ட சரி பண்றேன், வலது கை பட்டன்ல லேசா பட்டுது. அவ்ளோதான். எறங்கிடுச்சு. ரெண்டு நாளா சொல்லிக்கினுதான் இருந்தேன், பட்டன் ஒட்டுதுன்னு."

அவள் அழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. "இத அழிங்கக்கா" என்றாள்.

அழிக்க எனக்கு உரிமை இல்லை என்றேன். காரணத்தை மாற்ற யூனிட் தலைவருக்கு மட்டுமே உரிமை. பார்க்க அனுமதி வேறு, மாற்ற அனுமதி வேறு. இதை அவளுக்குச் சொல்லும்போது எனக்கே அது மோசமாகக் கேட்டது. போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"அப்ப நான் சொல்றது எங்க எழுதுவீங்கோ?"

அப்படி ஓர் இடம் இல்லை. அட்டவணையில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது என் வேலைக்குள் வரும். அன்று மாலைக்குள் சேர்த்தேன். தலைப்பு 'பாதிக்கப்பட்டவர் சொன்னது'. மறுநாள் உணவு இடைவேளையில் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். 'இடது பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது' என்று படித்தேன்.

"நான் அப்பிடியா சொன்னேன்? ஒட்டிக்கினு இருந்துச்சுன்னு சொன்னேன். நான் சொன்ன மாரி போடுங்கக்கா. அப்பத்தான் நான் சொன்னதுன்னு தெரியும்."

அழித்துவிட்டு அவள் சொன்ன மாதிரியே போட்டேன்.

அதற்கப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். அந்தக் கட்டம் மெல்ல மெல்ல நிரம்பியது. பிரஸ்களின் பட்டன்களை ஷிஃப்ட் தொடங்குமுன் பார்க்க வேண்டும் என்று பராமரிப்புப் பிரிவுக்கு உத்தரவு வந்தது. பவானியின் வரிசையில் காரணத்தைப் பாஸ்கரன் மாற்றவில்லை. அவருக்குப் பின் வந்தவரும் மாற்றவில்லை. 'கவனக்குறைவு' என்றும், 'எடது பட்டன் ஒட்டிக்கினு இருந்துச்சு, நான் ரெண்டு நாளா சொன்னேன்' என்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன.

ஓய்வு பெற்ற அன்று மாலையே அனுமதி அட்டவணையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதுதான் முறை. அந்த வரிசையை இனி நான் பார்க்க முடியாது. பவானி பார்க்கலாம்.